ஜன்னல் கணக்கு

செல்ல மகனுக்கு, அம்மா எழுதுவது. அப்பா, தங்கை, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பெல்லாம். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, அதனால்தான் உன் ஊருக்கு வேலைக்கு வரும் எதிர்வீட்டு நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வாராவாரம் அனுப்பும் கட்டுரைகளைத் தையல்கடையில் மத்தியானச் சாப்பாட்டின்போது வாசித்துக்காட்டுவேன் அல்லவா, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றதும், வெடி என்று நாங்கள் கூப்பிடும், பொத்தானுக்குத் துளை தைக்கும் காஜாக்காரி, "ஒண்ணை வெச்சுக்கிட்டே நான் படுற பாடு போதாதா" என்றாள், சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. போன மாதம் அனுப்பினாயே, எங்கோ ஒரு நாட்டில் தலைவரின் படத்தை வருஷாவருஷம் பெரிதாக்கி, கடைசியில் அது பள்ளிக்கூட ஜன்னல்களையே மறைத்துவிட்டது என்று, அதையும் அப்படித்தான் வாசித்தேன். கட்டிங் மாஸ்டர் அக்கா துணியில் கோடு போட்டபடியே, "நம்ம தெருவுல இன்னும் ரெண்டு ஜன்னல் மிச்சம் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான்.

அந்த வாரமே சட்டைக்கு அளவு கொடுக்க என்று இரண்டு பேர் வந்தார்கள், கையில் துணி இல்லை. "ஜன்னல் கணக்கு சொன்னது யாரு?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்கள். அக்காவே கத்தரியை வைத்துவிட்டு எழுந்து அவர்களோடு போனாள். திரும்பி வந்துவிட்டாள், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, வெட்டுவதெல்லாம் கோணலாகப் போகிறது. அந்தப் பேச்சை வெளியே கொண்டுபோனது எங்களில் ஒருத்திதான், யாரென்று தெரியவில்லை. ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். வெடியிடம் ஊசி கேட்கவே எனக்குப் பயம், அவளுக்கும் என்மேல் அதே பயம்.

நேற்று அவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அப்பா நாற்காலி போட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பையன் நிறைய படிப்பார் போல. தங்கச்சி கல்யாணத்துக்கு வருவார்ல? வந்ததும் சொல்லுங்க, பாக்கணும்" என்றார்கள். கல்யாணம் முடிவானதை உன்னிடம் போனில் சொன்னதோடு சரி, வேறு யாருக்கும் நாங்கள் இன்னும் சொல்லவில்லையடா.

உன்மேல் தப்பு எதுவும் இல்லை, அதை நினைத்து மருகாதே. படிப்பதை விடாதே, எனக்கு மட்டும் இனி அனுப்பாதே. இருமலுக்கு மருந்து சாப்பிடு, இதைப் படித்ததும் கிழித்துப் போடு. எங்கே இருந்தாலும் நூறு வயது நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல, "அண்ணன் இல்லாம கல்யாணமா, கட்டாயம் வாடா" என்று அழுது கூப்பிடுவேன், தங்கையும் கூப்பிடுவாள். நீ வராதே.

உன் அம்மா