வெள்ளைக் கண் ஈ

மே 13, திங்கள். பெரம்பலூர்.
காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ஈப் புட்டியைச் சுற்றிய ஈரச் சாக்கை மூன்று தடவை மாற்றியாயிற்று. ஆராய்ச்சி லேபில் குளிர்சாதனம் பழுது. சார் ஆளுக்கொரு பழ ஈ வகையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். என்னுடையது வெள்ளைக் கண் வகை. இருப்பது இந்த ஒரு புட்டிதான். செத்தால் மூன்று வருஷ வேலை அம்போ.

அம்மா: "ஈயத் தீனி போட்டு வளக்குறியா? வெளிய சொல்லிடாத."

முட்டைக்குள் ஆர்.என்.ஏ. என்று ஒன்று, அதற்கு ஒரு வால், வால் குட்டையானால் முட்டை சரியாகப் பொரியாது, இந்த வகைக்கு வால் குட்டை, அதைத்தான் அளக்கிறேன் என்றேன்.

"ஈ முட்டைக்கு வாலா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்க: சோப்பு, தபால் கவர், வெல்லம் (ஈக்கு).

மே 15, புதன்.
லேபுக்குத் திரும்ப ரயில் டிக்கெட் எடுக்க அரியலூர் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம், மனசெல்லாம் புட்டியில். திரும்பினால் வீடு முழுக்கக் கொசு மருந்து நெடி. மலேரியாக்காரர்கள் சுவரெல்லாம் அடித்து, கதவில் தேதியும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓடினேன். புட்டியில் ஈ பறக்கிறது! அழுதேவிட்டேன்.

"நான் பாத்துக்கிட்டேன்ல," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

மே 16, வியாழன்.
லென்ஸில் பார்த்தேன். சிவப்புக் கண். அத்தனையும் சிவப்பு.

கத்தினேன்.

"மருந்து அடிக்கறப்ப வெளிய எடுத்து வைக்க மறந்துட்டேன். எல்லாம் செத்துக் கெடந்துச்சு. கொட்டிட்டு, வாழப்பழத் தோலு வச்சு வேற புடிச்சு வுட்டேன். ஈ ஈதானே? நீ அழுவியேன்னு…"

சாப்பிடவில்லை.

மாலை. புட்டிக் கண்ணாடியில் ஒட்டிய கூட்டுப்புழு பதினொன்று! நேற்று விட்ட ஈயின் முட்டை ஒரே நாளில் இப்படி ஆகாது. என்னுடையவைதான். ஈரத் தூரிகையால் எடுத்து வேறு புட்டியில் வைத்தேன். இவற்றையும் மருந்து கொன்றிருந்தால்?

மே 17, வெள்ளி.
ஒன்றும் வெளிவரவில்லை. மணிக்கு நான்கு தடவை பார்க்கிறேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்க. சாருக்குக் கடிதம், நாலு வரி, கிழித்தாயிற்று. அம்மாவோடு பேச்சில்லை.

மே 18, சனி.
விடிந்ததும் அம்மாதான் எழுப்பினாள். "வந்து பாரு, பறக்குதுடி!"

வெள்ளைக் கண். மூன்று. அதில் ஒன்று ஆண். போதும்.

"இதுக்குக் கண்ணு தெரியுமா, பாவம்?"

"சுமாராத்தாம்மா." மூன்று நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

"அப்ப நான் புடிச்சதக் கொட்டிடவா?"

வேண்டாம். குட்டை வாலை ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண ஈயும் வேண்டும். வேறு இனமாகவும் இருக்கலாம், லேபில் பார்த்துக்கொள்ளலாம். ஈயை எந்த ஊரில் பிடித்தோமோ அந்த ஊரின் பெயரை வகைக்கு வைப்பதுதான் வழக்கம். சீட்டு எழுதி ஒட்டினேன்: பெரம்பலூர்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"புடிச்சது நானு. பேரு ஊருக்கா?"