வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கட்டில்

பிப்ரவரி 12

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. ஒரு கிழவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தானே மிதித்துவிட்டு, பூனைமேல் பழி போட்டார். நிமிர்த்திக் கொடுத்தேன்.

மத்தியானம் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து போன். மார்ச்சிலிருந்து கட்டணம் ஏறுகிறதாம். அம்மாவின் ஓய்வூதியம், அவள் வீட்டை மாணவிகளுக்கு விட்டதில் வரும் வாடகை, என் சம்பளத்தில் ஒரு பங்கு — எல்லாவற்றையும் கொட்டினாலும் எட்டாது. கையிருப்பை வைத்துக் கோடைவரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கப்புறம்?

பிப்ரவரி 13

அண்ணன் திஹோமிர் ம்யூனிக்கிலிருந்து பேசினான். "வீட்டை வித்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வித்த காசும் தீர்ந்தா?" என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான். அவனுக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் லைன் கெடும்.

பிப்ரவரி 18

அம்மாவிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்தபோது ஒரு மாதம் என் ஒற்றை அறையில் இருந்தாள். ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாததுதான் பாக்கி. அப்பா போனபிறகு யாரோடும் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவள் இல்லத்தில் உடன் தங்கியிருக்கும் பெரினா அத்தையோடும் அம்ப்ரோஸ் மாமாவோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறாள். அப்படி என்னதான் பேசுவார்கள்? இன்று கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். சூப்புக்குப் போடும் பீன்ஸை ஊறவைக்கலாமா கூடாதா என்று சண்டை. அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி.

மார்ச் 3

மலைமேல் ஓர் இல்லம் இருக்கிறதாம். பாதிக் கட்டணம். என்ன சொல்லி அழைத்துப் போவது?

மார்ச் 9

"மலைக்குப் போய் புளூபெர்ரி ஷ்ட்ரூடல் சாப்பிட்டு வரலாம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன்.

சுத்தமான இடம்தான். பச்சைத் திரை, சுவரில் மான்கொம்பு. அறையைத் திறந்து காட்டினார்கள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நட்டநடுவே கட்டில், இரண்டும் திறந்து கிடந்தன. அம்மா நிலைப்படியிலேயே நின்று சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"யாஸென்கா, இவங்க ஆளைக் கொல்றாங்கடி."

"நல்ல காத்துதானே பாட்டி?" என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த பெண்.

"நல்ல காத்துன்னா கடற்கரையில அடிக்கிற புராக் காத்து. அதுக்கு நெஞ்சைத் திறந்து காட்டினாலும் ஒண்ணும் ஆகாது. இது வாசல்ல பூந்து ஜன்னல்ல போற ஊடுகாத்து. வாயைக் கோண வச்சிடும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் கையும் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. வளர்ப்பு அப்படி.

திரும்பும் வழியில் அம்மா சால்வையை அவிழ்க்கவே இல்லை. எங்கள் ஊர் ரியேக்காவின் விளக்குகள் தெரிந்த பிறகுதான் கேட்டாள், "ஷ்ட்ரூடல் எங்கே?"

ஐயோ. சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

மார்ச் 10

கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது.

மார்ச் 16

இன்று என்னவோ ஆகிவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நான் போனபோது அம்மா அந்தக் கட்டில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரினா அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "பச்சைத் திரையா? சுவத்துல மான்கொம்பு?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"மாதா கோயிலுக்குப் போலாம்னு சொல்லி என் மருமக என்னையும் அங்கதான் கூட்டிட்டுப் போய்க் காட்டினா!"

அம்ப்ரோஸ் மாமா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "பழைய கார் ஒண்ணு விலைக்கு வருது, வந்து பாருங்கப்பான்னான் என் பையன். கட்டில் நட்டநடுவுலதானே? அதே கட்டில்தான்."

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க கட்டணம் ஏறிடுச்சு, அதானே? என்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்லையாடி?" என்றாள் அம்மா.

என்ன சொல்ல? எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா, உன்னை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலன்னு சொல்லி அழுதுட்டேன். அத்தனை பேர் முன்னாடி. வெக்கங்கெட்டு.

"அழாதடி," என்றாள் பெரினா அத்தை. "நீ வெறும் பலகாரத்தைச் சொல்லித்தான் ஏமாத்தினே. என் மருமக பொய்க்கு மாதாவையே இழுத்துட்டா."

மார்ச் 23

அம்மாவின் முடிவு: மாணவிகள் ஜூனில் காலி செய்ததும் அவள் தன் வீட்டுக்கே திரும்புகிறாள். தனியாக இல்லை. மூவருமாக.

"அம்ப்ரோஸ் மாமா ஆம்பளையாச்சேம்மா?"

"எண்பத்தாறு வயசுல அவன் என்ன பண்ணிடப் போறான்? சின்ன ரூம்ல குறட்டை விடுவான். பெரிய ரூம் எங்க ரெண்டு பேருக்கு."

மூன்று ஓய்வூதியத்தையும் சேர்த்து, கீழ்வீட்டு ரொசாலியாவை வைத்துக்கொள்வார்களாம். ஓய்வுபெற்ற நர்ஸ். சமைப்பாள், குளிக்க உதவுவாள், ராத்திரி கூப்பிட்டால் மாடிக்கு வருவாள். துண்டு விழுவதைப் பிள்ளைகள் நாங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் இந்த ஒரு வாரத்தில் பேசி முடித்திருக்கிறார்கள்! ரொசாலியாவிடம் போனில் பேசியது யார்? அம்மாவா? எனக்கே வருஷத்துக்கு ஒருமுறைதானே போன் செய்வாள்?

"விழுந்துட்டா?" என்று கேட்டேன்.

"இங்கயும்தான் ரெண்டு தடவை விழுந்தேன்."



ஏப்ரல் 6

மூன்று குடும்பமும் கூடினோம். பெரினா அத்தையின் மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காபி ஆறுவதற்குள் இருவரும் சிரித்துவிட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். கட்டுப்படியாகும்.

திஹோமிர் போனில் கத்தினான், "ஊரே சிரிக்கும்!"

அம்மா போனைப் பிடுங்கினாள். "ம்யூனிக் வரைக்குமா கேக்குது?"

ஜூன் 8

குடிபோனார்கள். எனக்குப் பயம், பயம், பயம்.

ஜூன் 22

கடை முடிந்ததும் சொல்லாமல் போனேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என்னிடம் இருக்கும் சாவியால் திறந்து உள்ளே நுழைந்ததுதான் தாமதம், ஒரே கூச்சல்.

"மணி அடிச்சிட்டு வரமாட்டியா?" என்றாள் அம்மா. "உள்ள ஒரு ஆம்பளை குளிச்சிட்டு நிக்கிறான்!"

பிறகு வாசல் அலமாரியிலிருந்து வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போட்டாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருப்பது. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன். போட்டுக்கொண்டேன்.

காபி கொடுத்தார்கள். கேக்கின் பெரிய துண்டு எனக்கு. "கடையில வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். அம்மாவின் கன்னம் சதை வைத்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது, ரொம்ப.

கிளம்பும்போது வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்பாள் என்று நினைத்தேன். அம்மா அதை எடுத்துப் பெரினா அத்தையின் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தா. உனக்கு ஒரு சாவி இல்லாம இருந்துச்சே."