அறை அடங்கும் வரை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லையென்றால் பதிலில் முதல் வரியிலேயே சொல்லிவிடு, கடைசியில் கொண்டுபோய் ஒளிக்காதே. இங்கே என் வலது முழங்கால் மட்டும் படியேறும்போது தகராறு செய்கிறது, அப்பாவின் ரத்தக் கொதிப்பு இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. உன் அறையில் ஒழுகிய இடத்தில் சிமெண்ட் பூசினார்கள், பெயிண்ட் அடிக்கவில்லை, நாய் சுருண்டு படுத்திருக்கிற மாதிரி ஒரு திட்டு, பார்க்கப் பிடித்திருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், நான் சொல்லவேண்டியது அவர் காதில் விழக் கூடாத விஷயம், அதனால்தான் தபால்.

அப்பாவின் முதல் ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்கள், முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டதாம், எனக்கே நம்ப முடியவில்லை. கம்பெனியிலிருந்து வந்த பெண், மூல டேப் உங்களிடம் இருக்கிறதே சார், ஒலியை நீங்களே புதிதாகச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டாள். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே, பாட்டெல்லாம் பதிவு செய்த பின்னறையைத் திறந்து பெருக்கி, பழைய மெஷினைத் துடைத்து வைத்துவிட்டார். செய்தி தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அரட்டைக் கச்சேரி இரண்டு மடங்காகிவிட்டது, அப்பாவின் பழைய ரசிகர்கள் மருந்துக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் மதியம் மூன்று மணிக்கு வந்தால் ஆறு வரை எழுந்திருப்பதில்லை. முதல் ஆல்பம்தான் உச்சம் என்று கடைக்காரர், மூன்றாவதுதான் என்று டிரைவர், யோவ், மாத்திரை அட்டை கிழிக்கிற சத்தத்தைத் தவிர உனக்கு என்னய்யா தெரியும் என்று இவர், ஹாரன் அடிச்சு அடிச்சு ஓட்டையான காது, அதுக்கு மூணாவதுதான் பிடிக்கும் என்று அவர். அப்பா நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தட்டை இரண்டு பக்கமும் நகர்த்திக்கொண்டிருப்பார். ஒன்றைக் கவனித்திருக்கிறாயா, இருவரும் ஒன்றிலிருந்து ஐந்து வரை சண்டை போடுவார்கள், ஐந்து முடிந்ததும் நேரே மழை பெய்யுமா என்கிற பேச்சுக்குப் போய்விடுவார்கள், ஆறாவதும் ஏழாவதும் இந்த வீட்டில் பிறக்கவே இல்லாத மாதிரி. அது அவர்கள் காட்டும் மரியாதை. அந்த மரியாதை விழும்போதெல்லாம் அப்பா குனிந்து டம்ளர்களைச் சேகரிப்பார்.

முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்தபிறகு வருமே அந்த மெல்லிய சீழ்க்கை, அது இன்னொரு தீராத வழக்கு. டிரைவருக்கு அது பறவை. கடைக்காரருக்கு அது அடுப்பில் வைத்த கெட்டில். உங்கள் ரசிகர் தளத்தில் புல்லாங்குழல்காரர் தெரியாமல் ஊதிவிட்டார் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவைக் கேட்டால் நீங்களே கண்டுபிடிங்க என்பார். உன்னிடமும் அப்படித்தான் சொன்னார், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது சொல்கிறேன், அது உன் அக்கா. நீ படத்தில் மட்டும் பார்த்திருக்கிற அக்கா. ஏழு வயசு, முன்பல் விழுந்திருந்தது, அந்தச் சந்து வழியாகக் காற்று விட்டால் சத்தம் வருகிறது என்று அந்த வாரம்தான் கண்டுபிடித்திருந்தாள். பாட்டு முடிந்ததும் டேப்பை உடனே நிறுத்தக் கூடாது, அறை அடங்கும் வரை ஓடவிட வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம், யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. அந்த நேரம் பார்த்துச் சாத்திய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஊதினாள், பதினெட்டு விநாடி. திரும்ப எடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பா சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்றார். நாலு மாதத்தில் காய்ச்சல். அடுத்த வருஷம் நீ பிறந்தாய். அதன்பிறகு அதைப் பற்றி வாய் திறந்து பேச எங்கள் இருவருக்கும் வரவில்லை, ஊர் ஊராக யார் யாரோ அவளைப் பறவை என்று சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒருவித ஆறுதலும் இருந்தது.

அடுத்தது நான் செய்த காரியம், படித்துவிட்டு என்னை என்ன நினைப்பாயோ நினைத்துக்கொள். ஒன்பது வருஷம் முன்னால் ஒரு காலையில் கெட்டில் வீடு அதிரக் கூவிக்கொண்டிருக்கிறது, அப்பா அதன் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் திரும்பினார். மெல்லிய உயர்ந்த சத்தம் மட்டும் அவரிடமிருந்து போய்விட்டது என்று பத்து நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, சத்தம் போடாத கெட்டில் வாங்கினேன். கீச்சென்று அடிக்கிற காலிங்பெல்லைக் கழற்றிவிட்டு டொம்மென்று அடிக்கிறதை மாட்டினேன். கீச்சிடும் கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். தெரிந்தால் பாட்டை விட்டுவிடுவார், பாட்டை விட்டால் மனுஷன் என்ன ஆவார் என்று பயம். அவர் தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு வீட்டைக் கட்டி அதற்குள் அவரை உட்காரவைத்தேன், அவர் அங்கே உட்கார்ந்து ஆறாவதையும் ஏழாவதையும் செய்தார். டிரம்ஸோடு தட்டுகிற அந்தச் சிம்பல் தட்டின் ஓசை போதவில்லை போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனார், எனக்குப் பல் கூசியது, நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏழாவது வந்தபோது தளத்தில் ‘மாடிப்படி’ என்ற பெயரில் ஒருவர் எழுதினாரே, கண்ணாடியில் மணலைத் தேய்த்த மாதிரி சிம்பல், இரண்டாவது பாட்டில் முக்காலி கிறீச்சிடுகிறது, காது கேட்கிற ஒருவர் இதை வெளியே விட்டிருக்க மாட்டார் என்று. அப்பாவுக்கு அது மனப்பாடம். அது முக்காலி என்று இந்த வீட்டில் வளர்ந்தவனைத் தவிர யாருக்கடா தெரியும், பின்னறை சாத்தியிருக்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டவன் யார் என்றும் எனக்குத் தெரியாதா. உன்மேல் கோபமில்லை. எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. இந்த வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

போன மாதம் அப்பா மூல டேப்பைப் போட்டுக் கடைசிப் பாட்டு வரை வந்தார். பாட்டு முடிந்தது, சீழ்க்கை வந்தது, நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். திரும்பப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, காணோமே, உனக்குக் கேக்குதா என்றார். கேட்கிறது என்றால் ஒன்பது வருஷமும் வெளியே வந்துவிடும். இல்லைங்க, டேப் தேஞ்சுபோச்சு போல என்றேன். வீட்டில் இருந்த பழைய கேசட்டையும் போட்டுப் பார்த்தார், இதுலயும் போச்சு, எல்லாம் ஒரே வயசுதானே என்றார். எல்லாப் பிரதியிலும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அதன்பின் தினமும் காலையில் அதையே போடுவார், இன்றைக்காவது வருமா என்று. தினமும் என் பிள்ளை அந்த அறையில் ஊதுவாள், நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு துணி மடிப்பேன். இந்த வீட்டில் ஆவி என்று ஒன்று இருந்தால் அது அவளில்லை, நான்தான்.

போன ஞாயிறு அப்பா அவர்களிடம், இனிமே பறவையா கெட்டிலா சண்டை வேண்டாம், புதுசுல அந்தக் கடைசியை வெட்டிடப் போறேன், வெறும் டேப் ஓடுறதை எதுக்குக் கேக்கணும் என்றார். டிரைவர் பதறிப்போய், வெறும் டேப்பா, நேத்துகூட பஸ்ல கேட்டேனே அண்ணே, பறவையை வெட்டாதீங்க என்றார். கெட்டிலாவே இருக்கட்டும் அண்ணே, இருந்துட்டுப் போகட்டும் என்றார் கடைக்காரர், இருவரும் ஒரே பக்கம் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா, பழகின காது, இல்லாததையும் கேக்கும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் டேப்பை ஓடவிட்டார். நான் ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தேன், மனசு எங்கேயோ இருந்தது. சீழ்க்கை வந்ததும், அம்மாவல்லவா, கதவுப் பக்கம் திரும்பிவிட்டேன். என்ன என்றார். வெளியே யாரோ வந்த மாதிரி இருந்தது என்றேன். எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். யாருமில்லை. கைப்பிடியை விடாமல் நடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டார், இந்த முறை மெஷினைப் பார்க்கவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. அவள் ஆரம்பித்ததும் நான் கதவைப் பார்த்துத் திரும்பினேன், தெரிந்தேதான் திரும்பினேன். அவள் நிறுத்தும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் கையில் வாட்ச் இருந்தது. பதினெட்டு என்றார். ஆமாங்க என்றேன். டேப்பின் அட்டைப் பெட்டியை எடுத்து, இதை வெட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதினார். எத்தனை வருஷமா என்று மட்டும் கேட்டார், சொன்னேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை, என்னோடு பேசவுமில்லை. மறுநாள் அவரே எழுந்து டீ போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தார், கெட்டில் பக்கம் பார்த்து, நல்ல கெட்டில் என்றார்.

காதுக்கு மெஷின் வைக்கலாம், ஆனால் பாட்டை அதை நம்பிச் சரிசெய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக்குக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், யாரைக் கூப்பிடட்டும் என்று நேற்றுக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, அந்த மாடிப்படிக்காரன் யாருன்னு தளத்துல விசாரி, அவன் ஒருத்தனுக்குத்தான் காது இருக்கு என்றார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. என் பொய்யை நான் ஒருவழியாக இறக்கி வைத்துவிட்டேன், இது நீ சொல்லவேண்டியது. லீவு கிடைக்குமா பார். நேரில் வந்து சொன்னால் நல்லது.

நீயும் மருமகளும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக ரொம்ப வருஷம் வாழவேண்டும், இது என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும்தான், அவருக்குத் தெரியாமல் எழுதுவதால் நானே சேர்த்துப் போடுகிறேன். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, காதுக்குள் ஈரம் விடாதே. வரும்போது பெல்லை அடித்துவிட்டு வா. கதவு தானாகத் திறக்கும்போது இப்போதெல்லாம் நாங்கள் இருவருமே எழுந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உன் அக்காவுக்கும் உனக்கும்
அம்மா