மூச்சு தெரியுதா, சிஸ்டர்?

9 ஜூன் 2025, திங்கள்

டெல்லியிலிருந்து மறுபடியும் மெயில். நம் தேசிய நாடக அரங்கத்தின் இணையதளத்தில் ‘தலைமைக் குழு’ பக்கத்தை மாற்ற வேண்டுமாம். ஆளுக்கு ஒரு படம், ஒரு பத்தி: எங்கே படித்தார், முன்பு என்ன வேலை பார்த்தார். இறந்து மூன்று மாதம் ஆனவர் இன்னும் கலை இயக்குநராகச் சிரித்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லையாம். நன்றாக இல்லையாம்! அவர்களுக்கு என்ன, ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள்.

அரிகிருஷ்ணனுடையதை முதலில் எழுதினேன். தொழில்நுட்ப இயக்குநர். அரியாங்குப்பத்தில் கல்யாண மேடைக்கும் மாதா கோயில் தேருக்கும் சீரியல் லைட் கட்டி ஆரம்பித்தவர். பிறகு சென்னை, சிங்கப்பூர் என்று பெரிய அரங்குகள். “சீரியல் லைட்ட எடுத்துடுங்க மேடம், மானம் போவுது” என்றார். எடுக்கவில்லை. புதிய கலை இயக்குநர் சங்கவி தன்னுடையதைத் தானே அனுப்பிவிட்டாள். டெல்லியில் நாடகப் படிப்பு, பாரீஸில் ஒரு குழுவில் ஏழு வருடம். தாத்தா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா. அதையும் விடாமல் எழுதியிருக்கிறாள்.

என்னுடையதில் நின்றுவிட்டேன். ‘வரலட்சுமி, நிர்வாக இயக்குநர். உழவர்கரை மில் தொழிலாளியின் மகள். முன்பு ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் செவிலி—’

கை போகவில்லை. அழித்துவிட்டு ‘மருத்துவமனை நிர்வாகத்தில் அனுபவம் உள்ளவர்’ என்று போட்டேன். அதுவும் பொய் இல்லையே. கடைசி நாலு வருடம் நிர்வாகம்தானே பார்த்தேன்.

பலராமன் சார் படத்தை எடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

11 ஜூன்

செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மேடைப் படிக்குப் பக்கத்தில், ஒன்று நேராக, ஒன்று சற்றுத் திரும்பி. இங்கே யாரும் செருப்போடு மேடை ஏற மாட்டோம். கழற்றிவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவோம். அன்றைக்கு பலராமன் சார் கழற்றிய செருப்பு அது.

பெருக்குகிற ஆயம்மா அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். “எடுத்து உள்ள வையேன்” என்றேன். “நீங்க எடுங்க மேடம். நான் தொட மாட்டேம்மா.”

நானும் தொடவில்லை.

14 ஜூன்

காரிடாரில் “சிஸ்டர்” என்று குரல். திரும்பினேன். யாரும் இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகும் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டவர் ஒருவர்தான்.

20 ஜூன்

சங்கவி வந்து முதல் கூட்டம். “மேலைக்காற்று நாடகத்திலிருந்தே மறுபடி ஆரம்பிப்போம். அவருக்கு அதுதான் மரியாதை” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

22 ஜூன், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் போய்விடவா போகிறது?

‘மேலைக்காற்று’ கடைசிக் காட்சியில் குப்பத்துப் பெரியவர் மணலில் செத்துக் கிடப்பார். சுற்றி ஊரே சிலை மாதிரி நிற்கும். வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கி அணையும். ஒரு தாலாட்டுப் பாடி முடிக்கிற நேரம் ஆகும். அதுவரை எவரும் அசையக் கூடாது என்பது பலராமன் சார் போட்ட சட்டம். பெரியவர் வேஷமும் அவர்தான். வீராம்பட்டினத்துப் பிள்ளை. சின்ன வயதில் கடலில் முக்குளித்து மூச்சடக்கிப் பழகியவர். அப்படியும் நெஞ்சு லேசாக ஏறி இறங்கும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் நான். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்காரச் சொல்வார். “ஐசியூ கண்ணு சிஸ்டர் உங்களுக்கு. உங்கள ஏமாத்திட்டா ஊரையே ஏமாத்திடலாம்.” வெளிச்சம் அணைந்ததும் இருட்டிலிருந்து கேட்பார்: “மூச்சு தெரியுதா, சிஸ்டர்?” நான் “தெரியுது சார், இடது பக்கம்” என்பேன். “சே!” என்பார். என்றைக்கு ஏமாற்றுகிறாரோ அன்றைக்கு நான் ஒரு காபி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். ஒரு நாளும் வாங்கித் தந்ததில்லை.

மார்ச்சில் அந்தச் சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. கண் எடுக்காமல் பார்த்தேன். நெஞ்சு அசையவில்லை. வயிறு அசையவில்லை. கழுத்து நரம்பு கூட. எனக்கு என்ன தோன்றியது? அட, ஜெயிச்சுட்டாரே மனுஷன்!

வெளிச்சம் அணைந்தது. நான்தான் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டினேன். என்னைப் பார்த்துதான் மற்றவர்கள் எழுந்தார்கள். வெளிச்சம் திரும்ப வந்து எல்லாரும் கைகோத்து வணங்கியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. அதுவும் நடிப்பு என்று இன்னும் பலமாகத் தட்டினோம்.

பிறகு ஓடினேன். அவ்வளவு ஜனம் பார்க்க அவர் நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். “அந்த நொடியே போயிருக்கும் மேடம், நீங்க என்ன பண்ணியிருந்தாலும் முடிஞ்சிருக்காது” என்றார் டாக்டர். இதே வாக்கியத்தை எத்தனை குடும்பத்திடம் நானே சொல்லியிருக்கிறேன்! எப்போ சொல்லுவோம்னு எனக்குத் தெரியாதா?

வேற யாரு தட்டியிருந்தாலும் பரவால்லடி. நீ தட்டலாமா? நீ?

2 ஜூலை

மூன்று மாதமாக மீனுக்கு நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குத்தான் போகிறேன். பெரிய மார்க்கெட்டில் கன்னியம்மாள் அக்கா மீன் விற்கிறார், பலராமன் சார் மனைவி. ஒளிந்து ஒளிந்து போனதற்கு இன்று அவரே ஆபீசுக்கு வந்துவிட்டார்.

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவருக்கு வலிச்சிருக்குமா?”

“இல்லக்கா.” ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன்.

“நீ அவரையே பாத்துட்டு இருந்தியாமே.”

“ஆமாங்க்கா.”

“அவ்ளோ ஜனம் இருந்துச்சு. ஒருத்தராச்சும் அப்பவே கிட்ட போயி தொட்டுப் பாத்தீங்களா? கடல்ல போனவன கரையில எடுத்துப் போட்டாகூட மொதல்ல கையப் புடிச்சுப் பாப்பாங்களே.”

திட்டவில்லை. அழவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். போகும்போது மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றார். “எடுத்துட்டுப் போங்கக்கா” என்றேன். “கெடக்கட்டும். திரும்ப நாடகம் போடுறீங்கல்ல, அன்னிக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

18 ஜூலை

சண்டை. கடைசிக் காட்சியில் வெளிச்சத்தைச் சட்டென்று அணைத்துவிடுங்கள் என்றேன். சங்கவி ஒப்பவில்லை. “அந்த நேரம்தான் மேடம் நாடகமே. ஒரு சாவ ஜனங்க உக்காந்து பாக்கணும்.”

“பாத்துட்டோம்மா, நல்லாவே பாத்தோம். செத்தவங்கள எப்படிப் பாக்கணும்னு பாரீஸ்ல சொல்லிக் குடுத்தாங்களோ?”

அவள் முகம் சிறுத்துவிட்டது. என் வாய்க்குப் பூட்டுதான் போட வேண்டும். அரிகிருஷ்ணன் நடுவில் புகுந்தார்: “லைட்டு என் கையில. ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டு சொல்லுங்க.” முடிவுக்கு வரவில்லை. அவள்தான் கலை இயக்குநர். காட்சி அப்படியே இருக்கும்.

வெளியே வந்தால் தமிழ்மாறன் நிற்கிறான். லாஸ்பேட்டைப் பையன், பெரியவர் வேஷம் இப்போது அவனுக்கு. “மேடம், எனக்கும் மூணாவது வரிசையில உக்காந்து பாத்து சொல்றீங்களா?”

“மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். முதல் நாள் நாடகம் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்கும் லாயக்கில்லை, நாடகத்துக்கும் லாயக்கில்லை.

9 ஆகஸ்ட்

ஒத்திகை. உள்ளே போகவில்லை, கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேச்சு நின்றது. வெளிச்சம் இறங்குவது கதவிடுக்கில் தெரிந்தது. முழு இருட்டு. “தெரியுது சார்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஆயம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

15 ஆகஸ்ட்

வீராம்பட்டினத்தில் தேர். போன வருடம் சார் வீட்டில் சாப்பாடு. இந்த வருடம் வீட்டிலேயே கிடந்தேன்.

23 ஆகஸ்ட், சனி

இன்று நாடகம் மறுபடி மேடையேறியது. வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

கன்னியம்மாள் அக்கா வந்திருந்தார், தலையில் மல்லிகை இல்லாமல், நல்ல புடவையில். எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றார். அவர் போய் உட்கார்ந்தது மூன்றாவது வரிசையில். என்ன செய்வேன், நானும் உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சி. தமிழ்மாறன் மணலில் கிடந்தான். ஊரே சிலையாக நின்றது. வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், கண் தானாக அவன் நெஞ்சுக்குப் போனது. அசையவில்லை. இடது பக்கம் பார்த்தேன். இல்லை. கழுத்தைப் பார்த்தேன். இல்லை. பையன் நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கிறான் என்று புத்தி சொல்கிறது. அன்றைக்கும் புத்தி அதைத்தானே சொன்னது? அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

எழுந்துவிட்டேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. படியருகில் செருப்பைக் கழற்றினேன், அவர் செருப்புக்குப் பக்கத்தில். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். நடிகர்கள் ஒருவரும் அசையவில்லை, சட்டம் சட்டம்தான். அவர்களுக்கு நடுவே புகுந்து போய் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

விரலுக்கடியில் குதித்தது. படபடவென்று, பயந்த பிள்ளையின் நாடி.

“இருக்கு” என்றேன். அந்த அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். அப்புறம்தான் வெளிச்சம் அணைந்தது. யாரும் கைதட்டவில்லை. இருட்டில் அக்கா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது, வாய்விட்டு, ஐந்து மாதத்து அழுகை. வெகுநேரம் கழித்து யாரோ ஒருவர் தட்ட ஆரம்பித்தார்.

24 ஆகஸ்ட்

ராஜினாமாவைக் கையோடு கொண்டுபோனேன். சங்கவி வாங்கவில்லை. “எனக்கு இன்னும் கோவம் போகல மேடம். என் காட்சிய ஒடச்சிட்டீங்க. ஆனா இன்னிக்கும் மேடைக்குப் போங்க.”

“நான் நடிக்க வந்தவ இல்லம்மா.”

அரிகிருஷ்ணன் அதற்குள், “நேத்து பாதி வெளிச்சத்திலயே கைய எடுத்துட்டேன் மேடம், உங்களப் பாத்து. நீங்க ‘இருக்கு’ன்னு சொன்ன பின்னாடிதான் மிச்சத்த இறக்கினேன். இனிமே அதான் எனக்கு லைட்ட அணைக்கிற க்யூ. நீங்க போயி சொல்லலன்னா விடிய விடிய லைட்டு எரியும், சொல்லிட்டேன்” என்றார்.

14 செப்டம்பர், ஞாயிறு

இணையதளப் பக்கம் மாறிவிட்டது. சார் படம் கீழே, ‘முதல் கலை இயக்குநர்’ என்று. அரிகிருஷ்ணனின் சீரியல் லைட் அப்படியே இருக்கிறது. என் பத்தியில் அழித்த வரியைத் திரும்பப் போட்டேன்.

நாடகம் நடக்கும் ஒவ்வொரு நாளும் மேடைக்குப் போகிறேன். மணிக்கட்டைப் பிடிக்கிறேன், சொல்கிறேன், வெளிச்சம் அணைகிறது. இருட்டு வந்ததும் இடது காதுக்குப் பக்கத்தில் சார் அதே கேள்வியைக் கேட்கிறார். இன்றும் கேட்டார். தெரியுது சார் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்கிறேன். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. வந்து போகட்டும்.

காலையில் பெரிய மார்க்கெட்டுக்கே போனேன். சார் செருப்பை எடுத்துப் போய் வீட்டு வாசலில் விட்டிருப்பதாக அக்கா சொன்னார். வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, “உங்க வீட்டுக்காரருக்கு ஒரு காபி பாக்கி இருக்குக்கா. பந்தயத்துல தோத்துட்டேன்” என்றேன். என்ன பந்தயம் என்று கேட்டார். மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கைதட்டியது வரை.

வெகுநேரம் கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, “போயி வாங்கிட்டு வா” என்றார்.

வாங்கி வந்தேன். செதில் ஒட்டிய கையாலேயே டம்ளரைப் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“சக்கர பத்தல” என்றார். “அவரா இருந்தா உன்னத் திட்டியிருப்பாரு.”