முழங்கால் தண்ணீர்ப் படகை விற்றுவிட்டேன்

காலையில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி நனைகிறதே என்று பரண்மேல் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்து உதறினேன். துத்தநாகப் பெயின்ட் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. இருமல் வந்தது. இருமலா அழுகையா என்று என் வீட்டுக்காரி கேட்கவில்லை, ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் படகை மூடியிருந்த தார்ப்பாய் அது. படகு போய் ஒரு வருடம் ஆகிறது. நீ போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. படகை விற்ற விவரத்தை உனக்கு இன்னும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியவனிடம் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்தில் நாம் வேலை பார்த்த ஷாப்பில் கெமிக்கல் கம்பெனிகளுக்கு இரும்புத் தொட்டி செய்வோம். நீ தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, வல்லத்தில் ஒரே ரூமில் ஆறு பேரோடு கிடந்தாய். நான் வடக்குப்பட்டுக்காரன். எந்தக் கம்பெனி இருக்கும் இடத்தில் முன்னால் என்ன பயிர் இருந்தது என்று சொல்லிச் சொல்லி உன் கழுத்தை அறுத்தவன். ஒருநாள் டீ பிரேக்கில் நீ தரையில் சாக்பீஸால் எதையோ வரைந்துகொண்டிருந்தாய்.

"இது இன்னா மச்சான், மாட்டுத் தொட்டியா?" என்றேன்.

"ஏல, படகு. பாய்மரப் படகு. இரும்பு பிளேட்டுலயே கட்டணும்."

"ஒரகடத்துல குந்திக்கினு கப்பல் கட்டப் போறியா? எங்க வுடுவ, ஏரிலயா?"

"ஏரியிலயும் மெதக்கும். இதுக்கு முழங்கால் தண்ணி போதும்ல," என்றாய். சிரிக்காமல் சொன்னாய், அதுதான் எனக்குப் பிடித்தது.

வெளிநாட்டில் யாரோ விற்ற வரைபடத்தை வாங்கி, மடித்து மடித்து நைந்துபோகும்வரை வைத்திருந்தாய். முப்பது அடி நீளம், தட்டையான அடி. நடுவில் ஓர் இரும்புப் பலகை. ஆழமான தண்ணீரில் அதைக் கீழே இறக்கினால் படகு காற்றில் சாயாமல் ஓடும், ஆழம் குறைந்தால் மேலே தூக்கிக்கொள்ளலாம். தூக்கிய பலகை போய் நிற்பதற்கு நடுவிலேயே ஒரு இரும்புப் பெட்டி. தண்ணீர் வற்றினால் படகு சாயாமல் மணலில் வயிற்றை வைத்து உட்காரும். உள்ளே நாற்பது நாளுக்கு அரிசியும் தண்ணீரும் வைக்க இடம். பணக்காரர்கள் சாயங்காலம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிற படகு இல்லை இது, போய்த் தங்குகிற படகு. பழவேற்காட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு முகத்துவாரமாக, ஒவ்வொரு மணல்திட்டாகப் பார்த்துக்கொண்டே உங்கள் ஊர்த் தீவுகள்வரை போகவேண்டும் என்பாய். "ஆழத்துல என்னல இருக்கு? ஆழமில்லாத எடத்துலதான் எல்லாம் கெடக்கு" என்பாய்.

எனக்குக் கடல் என்றால் மெரினாவில் சுண்டல். நீச்சல்கூட வராது. ஆனாலும் உன்னோடு சேர்ந்தேன். நாம் செய்த தொட்டி ஒன்றாவது எங்கே போனது, என்ன ஆனது என்று நமக்குத் தெரியுமா? லாரியில் ஏற்றினால் முடிந்தது கதை. "ஒரு சாமானாவது செஞ்சு, அதுல நாமளே ஏறிப் போணும்ல" என்று நீ சொன்ன அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எங்கள் அப்பா விற்றது போக மிஞ்சிய துண்டு நிலத்தில் தகர ஷெட் போட்டோம். லீவு நாளெல்லாம் அங்கேதான். உனக்குக் கல்யாணமாகி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரி வாலாஜாபாத் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் ஷெட்டுக்கே வந்தது. ஊரில் 'வடக்குப்பட்டு ஹார்பர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னாபா, தண்ணி வந்துச்சா ஹார்பருக்கு?" என்று டீக்கடையில் கேட்காதவன் கிடையாது. நீ அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். நான்தான் சண்டைக்குப் போவேன்.

இனிமேல்தான் சொல்லவேண்டியது வருகிறது.

படகு ஆரம்பித்து நான்காவது வருடம், மே மாதம். பலகைப் பெட்டி படகின் அடியோடு சேரும் மூலையை வெல்டு செய்தது நான். படகிலேயே முக்கியமான ஜாயின்ட் அது. அங்கே கசிந்தால் கடல் நேராக உள்ளே வந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தேன். தகர ஷெட்டில் அந்த வெயில், பெட்டியோரம் முடங்கிய உடம்பு. தாங்காமல் ஸ்டாண்ட் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டேன். முதல் மாதம் டிரெயினிங்கில் இருப்பவன்கூடச் செய்யாத வேலை. உருகுகிற இரும்பைக் காற்று தொடாமல் காக்கத்தான் வெல்டிங் முனையிலிருந்து கேஸ் வருகிறது. அதையே ஃபேன் ஊதித் தள்ளிவிட்டது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், ஒரு முழ நீளத்துக்கு வெல்டு அப்பளம் பொரிந்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது.

சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்கவேண்டும். அரை நாள் வேலை. எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது, அதைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஷாப்பில் என் வெல்டு ஒருமுறைகூட ரிஜெக்ட் ஆனதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். மேலே கிரைண்டிங் போட்டு, பட்டி வைத்து அடைத்து, பெயின்ட்டை அடித்துவிட்டேன். நம் ஷாப் வழக்கப்படி வெல்டு பக்கத்தில் என் நம்பரையும் பஞ்ச் அடித்தேன். யார் போட்ட வெல்டு என்று எந்தக் காலத்திலும் தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டே, என்னுடையது நாற்பத்தொன்று, உன்னுடையது பதினேழு. வேறொருவன் அதை ரிப்பேர் செய்தால் பக்கத்தில் அவன் நம்பரையும் அடித்தாகவேண்டும். அது தப்பினால் சூப்பர்வைசர் வேட்டியை உருவிவிடுவார்.

சாயங்காலம் நீ வந்தாய். "டெஸ்ட் பண்ணிருவமா?" என்றாய்.

"என் வெல்டுக்கே டெஸ்ட்டா? நம்பிக்கை இல்லாங்காட்டி நீயே போட்டுக்கோ!" என்று கத்தினேன்.

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். "சரில, விடு," என்றாய். மறுநாள் அந்த மூலைக்கு மேல் தரைப்பலகையைப் போட்டுத் திருகாணி முடுக்கிவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் நான் டார்ச்கூட அடித்ததில்லை.

அடுத்த வருடம் உனக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், மறுபடி ஆஸ்பத்திரி. கடைசியில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை பார்க்க வந்தபோது நீ கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாய். "ஏல, எப்பத் தண்ணியில எறக்குதோம்?" என்றுதான் முதலில் கேட்டாய். உன்னை ஏற்றிக்கொண்டு ஓட்டைப் படகில் கடலுக்குப் போவதா? இல்லை, சாகக் கிடக்கிறவனிடம் ஓட்டை என்று சொல்வதா? "எறக்கிடலாம் மச்சான்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு சரி. அதற்குப்பிறகு நான் வரவில்லை. தங்கச்சி போன் செய்யும்போதெல்லாம் ஓவர்டைம் ஓவர்டைம் என்றேன். பாதி நாள் ஓவர்டைம் இல்லை. ஷெட்டில் படகுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதம். அப்புறம் உன்னைத் தூக்கத்தான் வந்தேன்.

போன வருடம் பக்கத்து நிலத்தை வாங்கியவர் ஹாஸ்டல் கட்ட எங்கள் துண்டையும் கேட்டார். அப்பாவின் வைத்தியத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டோம். மாதக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி செய்யவேண்டும். தங்கச்சியிடம் போனில் சொன்னேன். இப்போது அவளுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, அந்தப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னது ஒன்றுதான். "வித்துருங்கண்ணே. ஆனா வெட்டி எடைக்கு மட்டும் போட்டுராதிய. கும்பிட்டுக் கேக்கேன்."

முதலில் வந்தது காயலாங்கடைக்காரர்தான். சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். "நல்ல பிளேட்டுப்பா. ரெண்டு நாள்ல வெட்டி எட்துக்கினு போய்டுவேன். உனக்கு இன்னா, எடம் காலியாவும்ல?" என்றார். அடுத்து ஒருவர் ஹைவேயில் நிறுத்தி உள்ளே பிரியாணி போடப்போவதாகச் சொன்னார். "ஜனம் அள்ளிக்கினு வரும் சார்!" உன் படகில் லெக் பீஸ்! கேட்டைத் திறந்து காட்டி அனுப்பிவைத்தேன்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆழமில்லாத கடலில் புல் வளர்வதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். கடலுக்குள் புல் இருக்கிறது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பெரிய படகு அங்கெல்லாம் போகமுடியாது, சின்னப் படகில் தங்கமுடியாது, இதைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன் என்றார். சுத்தியலும் டார்ச்சுமாகப் பிளேட் பிளேட்டாகத் தட்டினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "யாருங்க கட்டினது? இவ்ளோ சுத்தமா கட்டிருக்கீங்க," என்றார்.

அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், வாங்கிக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். "பசங்க எட்டுப் பேர் வருவாங்க. எல்லாம் காலேஜ் பசங்க. அவங்க வீட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும், அதான் ஒண்ணு விடாமத் தட்டிப் பாக்கறேன்," என்றார். நீட்டிய கை நின்றுவிட்டது.

"மேடம், ஒரு எடத்துல நீங்க தட்டல. நான் போட்ட வெல்டு. அது ஓட்டை," என்றேன்.

முழுதும் சொன்னேன். ஃபேன், பட்டி, பெயின்ட், நீ கேட்டது, நான் கத்தியது எல்லாம். மூன்று வருடம் யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் கொட்டினேன். அவர் பையை மூடினார். போச்சு, காயலாங்கடைதான் என்று நினைத்தேன். "பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றார்.

தரைப்பலகையைக் கழற்றினேன். படுத்துக்கொண்டு பெயின்ட்டைச் சுரண்டினேன். பட்டி வரவில்லை. இன்னும் சுரண்டினேன், இரும்புதான் வந்தது. டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். என் பொத்தல் வெல்டு அங்கே இல்லை. ஒரு முழ நீளத்துக்கும் அடிவரை தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தது, செதில் செதிலாக, ஒரே சீராக. அந்தச் செதில்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. நம் ஷாப்பில் இடது கையால் வெல்டு போடுகிறவன் நீ ஒருவன்தானே. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பூசும் டெஸ்ட் சிவப்பு மையின் கறைகூட மூலையில் அப்படியே இருந்தது.

பக்கத்தில் நம்பரைத் தேடினேன். நாற்பத்தொன்று மட்டும் இருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், பதினேழு எங்கேயும் இல்லை.

பெட்டியோரம் படுத்தபடியே ஓவென்று அழுதேன். அந்தம்மா பயந்துபோய், "என்ன ஆச்சு, ரொம்ப மோசமா?" என்று மேலிருந்து கேட்டார். "இல்ல மேடம், நல்லாக் கீது. ரொம்ப நல்லாக் கீது," என்றேன்.

யோவ், எப்போது போட்டாய்? நான் மாமியார் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா, இல்லை, சரி பண்ணியாச்சு, இனி அவன் முகத்தை எதற்குச் சுண்டவைக்கவேண்டும் என்று விட்டுவிட்டாயா? "எப்பத் தண்ணியில எறக்குதோம்" என்று நீ கேட்டபோது அது கசியாது என்று உனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

படகு அந்த வாரமே டிரெய்லரில் ஏறிப்போனது. இரண்டு மாதம் கழித்து அந்தம்மா போன் செய்து, மண்டபம் பக்கம் மணலில் உட்கார்ந்திருப்பதாகவும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை என்றும் சொன்னார்.

படகு போன மறுநாளே பணத்தைக் கொடுக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வெட்டவில்லை, தண்ணீரில் ஓடப்போகிறது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு அவனைப் பார்ப்பது என்றுதான் வராமல் இருந்தேன் என்றேன். அவள் திட்டவில்லை.

"இதுக்காண்ணே வராம இருந்திய?" என்றாள். "அவிய தெனமும் கட்டிலத் திருப்பிப் போடச் சொல்லுவாவ. தெரு வாசல் தெரியணுமாம். ஓவர்டைம் முடிஞ்சதும் அவன் வந்துருவான்னு சொல்லிட்டே கெடந்தாவ."

செய்த தப்பு இப்போது என்னிடம் இல்லை. அதை நீயே எடுத்துச் சரி செய்துவிட்டுப் போய்விட்டாய். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நான்கு மாதம்தான். வடக்குப்பட்டிலிருந்து உன் வீட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். நான் ஏறவில்லை.