ஈரத்தோடு நின்ற கிடாய்

என் பிரியமுள்ள அண்ணா,

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆடி இது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வழக்கம்போல் ஓட்டைப் பிய்க்கப் பார்க்கிறது. உங்கள் தோட்டத்து வேலியோரமாகக் கரண்ட் கம்பி வந்துவிட்டது. கிணற்றுக்கு மோட்டார் வைத்துவிட்டால் எருதுகளைப் போட்டுக் கவலையில் தண்ணீர் இறைக்கிற பாடு தீரும் என்று ஆசைப்பட்டீர்களே, அது கிட்டத்தில் வந்தாயிற்று. நீங்கள்தான் இல்லை.

இதைச் சொல்லவா கணபதியில் உன் வீட்டு அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு இங்கே வந்து எழுத உட்கார்ந்தாய் என்பீர்கள். இல்லை அண்ணா. உங்கள் மனைவியைப் பற்றி, என் நங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வள்ளிக்கு அம்மை போட்டிருந்தபோது, குழந்தை பிழைத்தால் மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டுவதாக நங்கை நேர்ந்துகொண்டார். குழந்தை எழுந்து நடமாடியதும் நீங்கள் பிடிவாதமாக மறுத்தீர்கள். பெற்றவளுக்கு எதற்கு லஞ்சம், பொங்கல் வைத்தால் போதாதா என்று கேட்டீர்கள். மறு வருஷமே ஒரு காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் உடல் காடு போய்ச் சேரும் முன்பே ஊர் பேசத் தொடங்கிவிட்டது, ஆத்தா தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டாள் என்று. அந்தப் பேச்சு நங்கையின் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

சின்ன வயதில் அம்மா நம்மை அதட்டுவது நினைவிருக்கிறதா? சாமி கண்ணைக் குத்தும் என்பார். நான் உடனே இரண்டு கண்ணையும் பொத்திக்கொள்வேன். நீங்களோ, ஒரு கையில் சூலம், ஒரு கையில் உடுக்கை, எந்தக் கையால் குத்தும் என்று கேட்டு முதுகில் இரண்டு வாங்கிக்கொள்வீர்கள். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்ட நங்கை, வள்ளி தும்மினால்கூடத் திருநீற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். மழை இருட்டினால் குழந்தையை வாசல்படி தாண்ட விடமாட்டார். சோறு இறங்காமல் பாதி உடம்பாகிவிட்டார்.

எனக்கு வேறு விதமான கோபம். ஆத்தா என்றுதானே கூப்பிடுகிறோம்? ஒரு கிடாய் வரவில்லை என்பதற்காகத் தாய் மகனைக் கொல்வாளா? கொல்லமாட்டாள் என்றால் நீங்கள் ஏன் போனீர்கள்? இரண்டுக்கும் விடை தெரியாமல் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தேன்.

தை மாதமே நங்கை ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். வள்ளி அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். எங்கே போனாலும் அது அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. ஆடி பிறந்ததும், வெட்டப் போகிறார்கள் என்று எனக்குச் சேதி வந்தது. எப்படியாவது தடுத்துவிடலாம் என்று அவிநாசி பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். நீங்கள் சொன்னதையெல்லாம் உங்கள் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். நங்கை மறுத்துப் பேசவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

“அம்மணி, எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான். இவளையும் கேட்டுட்டா நான் எங்க போவேன், சொல்லு.”

உங்கள் குரலை இறக்கிவைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து கோயிலுக்கு வேண்டியதை எடுத்துவைத்தேன் அண்ணா.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலைக்காரி முன்னால் நிற்கக்கூடாது என்று நங்கையை வேப்பமரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். வள்ளி அவர் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பூசாரி அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடாய் உடம்பை ஒரு உதறு உதறினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாமல் வெட்டுகிற வழக்கம் நம் ஊரில் கிடையாது.

கொழுக்கட்டை உதறவில்லை. மறுபடி ஊற்றினார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு எங்கள் முகத்தையே பார்த்தது.

யாரிடம் குற்றம் குறை இருந்தாலும் சொல்லிவிடச் சொன்னார் பூசாரி. ஆரம்பித்தது பாருங்கள் கூத்து! என் வீட்டுக்காரர், வரும் வழியில் வண்டியில் பீடி குடித்ததைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம் பெரியப்பா பக்தி முற்றிப்போய், பங்காளியின் வரப்பை வெட்டித் தன் காட்டோடு சேர்த்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பங்காளி பக்கத்திலேயே நின்றிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நங்கையைத் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் அவர் முன்னால் வந்துவிட்டார். ஆத்தாளுக்கு நேரே நின்று கும்பிட்டார்.

“ஆத்தா, அவரு செஞ்ச குத்தத்தை எந்தலையில போட்டுரு. புள்ளையை மட்டும் உட்டுரு.”

கிடாய் அப்போதும் உதறவில்லை. காற்று பலமாக அடித்தது. ஈர உடம்போடு நின்ற அந்த ஜீவன் நடுங்கத் தொடங்கியது. நடுக்கமே உத்தரவுதான் என்றார் பெரியப்பா. அது சேராது, தலையிலிருந்து வால்வரை உதற வேண்டும் என்றார் பூசாரி. இருவரும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே நங்கை கிடாயருகில் குந்தி உட்கார்ந்தார். முந்தானையை எடுத்து அதன் முகத்தைத் துடைத்தார். காதைத் துடைத்தார். கழுத்து, முதுகு, வயிறு என்று, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஈரமெல்லாம் ஒற்றி எடுத்துவிட்டார்.

உடம்பு காய்ந்துவிட்டால் கிடாய் எதற்கு உதறும்? பூசாரி பதறிப்போனார்.

“என்னங்க அம்மணி, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

“குளுருல நடுங்குதுங்க,” என்றார் நங்கை. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பூசாரி மறுபடியும் சொம்பை எடுத்தார். நங்கை எழுந்து கிடாய்க்குக் குறுக்கே நின்றுகொண்டார். பூசாரி விலகச் சொல்லியும் நகரவில்லை.

“ஊத்தாதீங்க. எனக்கே பொறுக்கலீங்களே. ஆத்தாளுக்குப் பொறுக்குமுங்களா?”

அண்ணா, நீங்கள் இத்தனை வருஷமாகச் சொல்லியும் அவர் மனசுக்குள் ஏறாத பேச்சு அது. பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்தவர் வாயிலிருந்தே வந்தது. அந்த இரக்கத்தை அவருக்குள் வைத்தது யார்? பயத்தை வைத்த அதே கைதானா? பயம் நாம் ஒருவருக்கொருவர் ஊட்டியது, இரக்கம் மட்டும் ஆத்தா ஊட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அங்கே சரியாகத் தெரிந்திருக்கும். கனவிலாவது வந்து சொல்லுங்கள்.

பூசாரி ஆத்தாளையும் நங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், மற்றதை ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று. இது நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியப்பா கிளம்பிவிட்டார். வரப்புக்குப் பதில் சொல்லச் சொல்லிப் பங்காளியும் அவர் பின்னாலேயே போனார்.

நங்கைக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. தெளியவில்லை. மறு வாரம் வள்ளிக்கு இருமல் வந்ததும் விழுந்தடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். முன்பெல்லாம் வாசல் கல்லுக்கு வெளியே நின்று கெஞ்சுவார். அன்று உள்ளே போய் உட்கார்ந்து, எப்போதிலிருந்து இருமல், என்ன கஷாயம் கொடுத்தேன், சளி எப்படி இருக்கிறது என்று ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பிறந்த வீட்டுக்குப் போனவள் தாயிடம் சொல்கிற மாதிரி. நான் வெளியே நின்று அழுதேன். அதன் பிறகு நானும் உள்ளே போனேன்.

முந்தானையில் ஏறிய மஞ்சள் துவைத்தும் போகவில்லை. நீங்கள் போனதிலிருந்து மஞ்சள் படாத உடம்பு. ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறவர், அந்தச் சேலையை மட்டும் வீட்டில் உடுத்திக்கொள்கிறார்.

நேற்று வள்ளி, சாமிக்கு வைத்த வெல்லத்தில் ஒரு கட்டியைக் கடித்துக் கொழுக்கட்டைக்குப் பாதி கொடுத்தாள். தைரியக்காரி என்று பெயர் வாங்கிய உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? சாமி கண்ணைக் குத்தும் என்றேன்! வாய்ப் பழக்கம். உங்கள் மகள் கண்ணைப் பொத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“குத்தாதுங்க அத்தை. தொடச்சு உடும்.”

அடுப்பங்கரையில் நங்கை துடுப்பால் களி கிண்டுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. அந்தப் பழைய சொல்லை இனி இந்த வீட்டில் நானும் சொல்லமாட்டேன், வேறு யாரையும் சொல்ல விடமாட்டேன். அடுத்த ஆடிக்கும் பொங்கல் வைப்போம். நங்கை மரத்தடியில் நிற்கமாட்டார், என் பக்கத்தில் நிற்பார். கொழுக்கட்டையும் வரும்.

கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடப் பழகும்,
உங்கள் தங்கை
செல்லாத்தாள்