வெள்ளிக் கரணையில் ஒரு பள்ளம்

கலவை அள்ளும் வெள்ளிக் கரணையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சோமனூரிலிருந்து கோவைக்கு பஸ் ஏறினேன். நம் கட்சி ஆபீசை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அடிக்கல் விழாவுக்குப் பழைய கரணைதான் வேண்டுமாம்; பிடியில் விழுந்த பள்ளத்தை மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள் என்று கட்சிப் பையன்கள் கொடுத்தார்கள். அந்தப் பள்ளம் உன்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

பழைய ஆபீசுக்கு அடிக்கல் நாட்டிய அன்று தலைவர் இந்தக் கரணையால் துளிக் கலவையை அள்ளி வைத்தார். கை தட்டினோம். அவர் மேடைக்குப் போய்விட்டார். கல்லைச் சரியாக உட்கார வைப்பது கொத்தனாரான உன் பொறுப்பு. கூலி வேண்டாம் என்று சொல்லித்தான் வந்திருந்தாய். கல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கைக்கு எட்டிய வெள்ளிக் கரணையை எடுத்தாய். கொத்தனார் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் பிடியைத் திருப்பி டொக் டொக்கென்று இரண்டு தட்டு. கல் உட்கார்ந்தது, பிடி நசுங்கிவிட்டது.

"அதை நீ எதுக்குத் தொட்டே?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நான் செயலாளர் என்கிற கொழுப்பு. உன் அப்பனை ஊரே தொடாதே என்று தள்ளி வைத்தது பொறுக்காமல்தான் நாம் இருவரும் ஒரே நாளில் கட்சியில் சேர்ந்தோம். அதையே நானும் சொல்லிவிட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு, "தப்புத்தானுங்க" என்றாய்.

அதற்கு முன் நீ என்னிடம் அப்படி 'ங்க' போட்டுப் பேசியதில்லை. பல்லடம் கூட்டத்துக்கு ஒரே சைக்கிளில் போவோம். "ஏப்பா, நீ மிதிக்கறதுக்குள்ள கூட்டமே முடிஞ்சுபோகும்" என்று பின்னால் உட்கார்ந்து கிண்டல் செய்வாய். அந்த நாளுக்குப் பிறகு வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா?" அவ்வளவுதான். கட்டடத்தை முடித்துக் கொடுத்தாய், ஆனால் ஒரு கூட்டத்துக்கும் உள்ளே வரவில்லை. நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

வெள்ளிக்கடைக்காரர் கரணையைப் புரட்டிப் பார்த்தார். "பத்து நிமிசத்துல தட்டி எடுத்துரலாமுங்க ஐயா."

"வேண்டாமுங்க. மெருகு மட்டும் போடுங்க. பள்ளம் அப்படியே இருக்கட்டும்."

பள்ளத்தை ஏன் எடுக்கவில்லை என்று விழாவில் பையன்கள் கேட்பார்கள். கல்லை உட்கார வைத்தது நீ, உன்னை வெளியே நிறுத்தியது நான் என்று மைக்கிலேயே சொல்லிவிடுவேன். திரும்பி வரும்போது வழி நெடுக என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்திலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை என்னை "ஏப்பா" என்று கூப்பிடேன்.